வாய்க்காலில் இல்லாத சங்கு

சிஸ்டர் எமரன்சியா இறந்து வருகிற பங்குனியோடு ஒரு வருடம். மாதா கோயிலில் நினைவு மலர் போடுகிறார்கள். அவரைத் தெரிந்தவர்கள் நாலு நல்ல வார்த்தை சொல்லலாம் என்றார்கள். நான் வேதக்காரி இல்லை. ஆனால் நெடுங்கோட்டகத்தில் அவரோடு அதிகமாகச் சண்டை போட்டவள் அம்சம் என்கிற நான்தான். அதனால் எனக்கும் சொல்ல உரிமை உண்டு. நல்லதை மட்டும் சொல் என்றால் பாதிதான் வரும். சொன்னால் முழுசாகத்தான் சொல்வேன்.

அவருக்குச் சொந்த ஊர் வேளாங்கண்ணிக்குத் தெற்கே, கடலோரம். அப்பா கட்டுமரத்தில் போய்த் திரும்பவில்லை. அப்போது இவருக்குப் பதினோரு வயது. உடல் எங்கோ வடக்கே ஒதுங்கியிருக்கிறது. யாரென்று தெரியாமல் அங்கேயே புதைத்துவிட்டார்கள். அவர் அரைஞாண் கயிற்றில் கோத்திருந்த மாதா சுரூபத்தை யாரோ எடுத்து வைத்திருந்து, அது கைமாறி வீட்டுக்கு வந்துசேர இரண்டு வருடம் ஆயிற்று. அந்த இரண்டு வருடமும் அம்மா தாலியோடு வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். “செத்துட்டாருன்னு தெரிஞ்சிருந்தா அழுது முடிச்சிருப்பா அக்கா. அழவும் விடாம வச்சிருந்துச்சு” என்று சிஸ்டர் என்னிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

பத்தொன்பது வயதில் மடத்தில் சேர்ந்தார். சபையில் அவரை வங்காளத்துக்கு அனுப்பினார்கள். ஆறுகளெல்லாம் கடலில் விழுகிற தீவுப் பக்கம். அங்கேயும் நெல்லும் மீனும்தான். கடல்தண்ணீர் ஏறி ஏறி நிலம் உப்பாகிக்கொண்டே வந்த ஊர். இருபத்தேழு வருடம் இருந்தார். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப் போன பிறகுதான், ஓய்வு எடுக்கட்டும் என்று எங்கள் ஊர் மடத்துக்கு அனுப்பினார்கள். ஓய்வு என்று யாராவது வாய்தவறிச் சொன்னால் முறைப்பார். கோபக்காரர்தான். உப்பே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தும், கருவாட்டு வாசனை வந்தால் எந்த வீட்டு அடுக்களை என்று பார்க்காமல் வந்து நிற்பார்.

நடவுக்கு வடக்கத்தி ஆட்கள் வர ஆரம்பித்த வருடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் ஊர் நிலக்காரர் நடராசனின் தாழ்ந்த வயலில் நடவு எந்திரம் இறங்காது. அதில் என் நடவுக் கூட்டம்தான் முப்பது வருடமாக இறங்கும். அந்தப் புரட்டாசியில் பதினாலு ஆண்கள் கயிறு பிடித்து நட்டுக்கொண்டிருந்தார்கள். வரப்பில் நின்று நடராசன் குத்து நெருக்கம் எவ்வளவு என்று விரலைக் காட்டிக் காட்டிக் கத்துகிறார், அவர்களுக்குப் புரியவில்லை. அந்த வழியாக மடத்துக்குப் போன சிஸ்டர், நின்று, வங்காளத்தில் ஏதோ சொன்னார். பதினாலு பேரும் சேற்றுக் கையோடு ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். அதில் ஒருவன் அழுதுவிட்டான்.

அன்றிலிருந்து அவருக்கு அதுதான் வேலை. காய்ச்சல் என்றால் திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார். மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று அட்டையில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று செய்தார். ஒவ்வொருவன் சட்டையையும் வாங்கி, உள்பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணி வைத்துத் தைப்பார். அதில் அவன் பேர், ஊர், வீட்டுப் போன் நம்பர், மடத்து நம்பர் எல்லாம் சிவப்பு நூலில் இருக்கும். அடுத்த வருடம் வேறு சட்டையோடு வந்தால் அதையும் வாங்கித் தைப்பார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அப்பா கதை தெரிந்த எனக்கு மட்டும் தெரியும்.

எனக்குத் தெரிந்ததால் நான் விட்டுவிட்டேனா? இல்லை. தண்ணீர்க் குழாயடியில் மறித்துக்கொண்டேன்.

“என்ன சிஸ்டர், ஊரு சனத்த விட்டுட்டு வடக்கத்தியானுக்கு ஆளு கட்டுறீங்களா?”

“ஆளு கட்டல அக்கா. சட்டைக்குத் துணி ஒட்டுறேன்.”

“எங்க பொழப்புல மண்ணு விழுந்து கெடக்கு, ஒங்களுக்கு வெளையாட்டா இருக்கு.”

“ஒங்க கூட்டத்துல இப்ப எத்தன பேரு?”

“பதினோரு பேரு.”

“முன்னாடி?”

“நாப்பது.”

“மிச்சப் பேரெல்லாம் எங்க?”

எங்கே என்றால்? சிலர் செத்துப் போனார்கள். சிலருக்கு முட்டி போயிற்று. சின்னவர்கள் எல்லாம் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். என் மருமகளும் அங்கேதான்.

“திருப்பூருல. எம் மருமவளும் அங்கதான்” என்றேன்.

“அங்க அவளும் வெளியூர்க்காரிதான? அவளுக்கு மேலுக்கு முடியலன்னா பாக்க ஒரு ஆளு இருந்தா ஆவாதா?”

“வாயால என்னைய மடக்கிட முடியாது சிஸ்டர்.”

“மடக்க வரல. தண்ணி புடிக்க வந்தேன். கொடத்த நகத்துங்க.”

குடத்தை நகர்த்தவில்லை, தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இன்றைக்கும் சொல்கிறேன், எங்கள் வேலை போனது போனதுதான். அதில் நான் பேசியது தப்பில்லை. தப்பு வேறு இடத்தில்.

மூன்றாவது வருடம் அந்தக் கூட்டத்தோடு ஒரு பெண்ணும் வந்தாள். பேர் பசந்தி. நிதாய் என்பவனின் மனைவி. ஆட்களுக்குச் சமைத்துப் போட வந்தவள். முப்பது வயது இருக்கும், ஒல்லி. இரண்டு கையிலும் வெள்ளைச் சங்கு வளையல் போட்டிருப்பாள். அவர்களை நடராசன் தன் பழைய நெல் கோடவுனில் தங்க வைத்தார். கோடவுனின் பின்சுவர்தான் என் வீட்டுக் கொல்லை.

அந்த ஆவணியில்தான் என் வீட்டுக்காரர் வீரையனுக்கு நெஞ்சுவலி வந்து, திருவாரூர் பெரிய ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் கிடந்து, பிழைத்து வந்திருந்தார். அதிர்ச்சி எதுவும் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கட்டிலைக் கொல்லைப் பக்கக் காற்றுக்குப் போட்டு வைத்திருந்தேன்.

பசந்தி வந்த முதல் நாள், விளக்கு வைக்கிற நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் சங்கு ஊதியது. மூன்று தடவை. நீளமாக.

எங்கள் தெருவில் சங்கு ஊதினால் அதற்கு ஒரே பொருள்தான். வாசலில் பிணம் கிடக்கிறது, உறவுமுறையெல்லாம் வாருங்கள். தெருவே வெளியில் வந்துவிட்டது. என் கூட்டாளி ரெத்தினம் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு அழுதபடியே என் வாசலுக்கு ஓடி வந்தாள். வந்தால், வீரையன் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார்.

“யாரு புள்ள?” என்று என்னைக் கேட்டார்.

“யாருமில்ல. நீங்க குடிங்க.”

மறுநாளும் அதே நேரம் ஊதியது. அதற்கடுத்த நாளும். நான்காம் நாள் அவர் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டார். “எனக்குத்தான் ஒத்திகை பாக்குறாளுவ போலருக்கு” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு பொழுது சாயச் சாய அவர் முகம் கோடவுன் சுவர்ப் பக்கமே திரும்பியிருக்கும்.

நேரே மடத்துக்குப் போனேன்.

“சிஸ்டர், அந்தப் பொம்பளைய நிறுத்தச் சொல்லுங்க.”

“அவங்க ஊருல அது வெளக்கு வைக்கிற சங்கு அக்கா. பொழுது போனா வீட்டுப் பொம்பள ஊதுவா. கல்யாணத்துக்கு ஊதுவாங்க, புள்ள பொறந்தா ஊதுவாங்க. புருசனுக்கு ஒண்ணும் வரக்கூடாதுன்னு ஊதுறா.”

“அவ புருசனுக்கு வராம இருக்க எம் புருசன் சாவணுமா?”

“நான் அவட்ட சொல்றேன்” என்றார் சிஸ்டர்.

சொன்னார்தான். அன்றிலிருந்து பசந்தி கோடவுனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாக ஊதினாள். மெதுவாக ஊதினால் இன்னும் மோசம். தூரத்தில் எங்கோ எழவு விழுந்த மாதிரி இருக்கும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அந்தச் சத்தம் எழுந்ததும் வீரையன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை வைத்துவிட்டு, ரெத்தினத்தைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு ஓடினேன். எனக்குப் பின்னால் என் கூட்டத்துப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். கதவைத் தள்ளினால், பசந்தி ஒரு சின்ன விளக்குக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். வாயில் சங்கு. நான் அதைப் பிடுங்கினேன். பிடுங்கின வேகத்தில் அவள் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவள் கத்தவில்லை. சங்குக்குத்தான் கையை நீட்டினாள்.

என் பெண்கள் பாய், பாத்திரம் எல்லாவற்றையும் வெளியே போட்டார்கள். நடராசன் ஓடி வந்தார். அவர் அப்பாவை நாங்கள் ஆண்டே என்று கூப்பிட்ட காலம் உண்டு. இவரை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன்.

“அம்சம்மா, நாத்து பறிச்சுக் கட்டு கட்டாக் கெடக்கு. இவங்கள வெரட்டிட்டா நான் என்ன பண்றது?”

“நட்டுட்டுப் போவட்டும் தம்பி. இங்க படுக்கக் கூடாது.”

சிஸ்டர் வந்தார். வீங்கிய காலை இழுத்து இழுத்து வந்தார். யாரையும் திட்டவில்லை. பாத்திரத்தைப் பொறுக்கி அடுக்கினார். ஊர்க் கடைசியில் இருக்கிற மடத்துத் தையல் கொட்டகைக்கு அவர்களைக் கூட்டிப் போகும்போது, என் பக்கம் திரும்பி, “சங்கு எங்க அக்கா?” என்றார்.

“வாய்க்கால்ல வீசிட்டேன்” என்றேன்.

வீசவில்லை. வீசத்தான் போனேன். வாய்க்கால் கரையில் நின்று கையை ஓங்கினேன்; கை வரவில்லை. என்ன இருந்தாலும் சங்கு சாமி சாமான். தண்ணீரில் போட்டால் என்ன வருமோ என்று பயம். வீட்டில் வைத்தால் என்ன வருமோ என்று அதைவிடப் பயம். பழைய சேலையில் சுற்றி, விதைநெல் தகர டிரம்மில் அடியில் புதைத்துவிட்டேன்.

வீரையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் இரண்டு இட்லி அதிகமாகவே சாப்பிட்டார்.

எட்டாம் நாள் ஐப்பசி மழை. பகல் மூன்று மணி. நடராசன் வயலில் கடைசித் துண்டை நட்டுக்கொண்டிருந்தபோது இடி விழுந்தது. நாற்றுக் கட்டைச் சுமந்துகொண்டு வரப்பில் நின்ற நிதாய் அந்த இடத்திலேயே போனான். கூட நட்டவர்கள் பேசியது புரியாமல், போலீஸ்காரர் அவன் சட்டையைத் திறந்து சிவப்பு நூல் எழுத்தைப் பார்த்துத்தான் மடத்துக்குப் போன் பண்ணினார். அன்றைக்குப் பொழுது போவதற்குள் அவன் ஊருக்கும் தகவல் போய்விட்டது. யாரும் இரண்டு வருடம் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியிருக்கவில்லை.

பார்க்க ஊரே போயிற்று. நானும் போனேன். தையல் கொட்டகை வாசலில் பசந்தி தன் சங்கு வளையல்களைக் கல்லில் அடித்து உடைத்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குத் தாலி எப்படியோ அவர்களுக்கு அது அப்படியாம். உடைந்த சில்லு மணிக்கட்டில் குத்தாமல் சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பசந்தி ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

“என்ன சொல்றா சிஸ்டர்?”

“வேணாம் அக்கா. வீட்டுக்குப் போங்க.”

“சொல்லுங்க.”

“எட்டு நாளா சங்கு ஊதலங்கிறா.”

அவ்வளவுதான். நான் வீட்டுக்கு வந்தேன். வீரையன் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். ஊதினால் என் புருசன் செத்துவிடுவான் என்று நான் நம்பினேன். ஊதாததால் தன் புருசன் செத்தான் என்று அவள் நம்புகிறாள். என் நம்பிக்கையை நான் நடத்திக்கொண்டேன். அவளுடையதை நடத்த விடவில்லை. டிரம்முக்குப் பக்கத்தில் போகவே எனக்குக் கால் வரவில்லை.

உடலை ஊருக்குக் கொண்டுபோனார்கள். பசந்தியும் போய்விட்டாள். ஒரு வாரம் கழித்து, மழை வெறித்த ஒரு காலை, வாய்க்காலில் யாரோ இடுப்பளவு தண்ணீரில் நிற்பதைப் பார்த்தேன். சிஸ்டர். அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலால் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தார். நாங்கள் கிளிஞ்சல் தேடுகிற மாதிரி.

“என்ன பண்றீங்க சிஸ்டர்?”

“அந்தச் சங்கு அவ மாமியாரு குடுத்ததாம். பசந்திக்கு ஒரு பொண்ணு இருக்கா, அடுத்து அதுக்குப் போவணும். எந்த எடத்துல போட்டீங்க, கொஞ்சம் காட்டுங்க.”

நான் கையை நீட்டி ஒரு இடத்தைக் காட்டினேன். ஆமாம், காட்டினேன். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் இருக்கிறது என்று சொல்ல என் வாய் திறக்கவில்லை. சொன்னால், பொய் சொன்னவள், பிடுங்கினவள், அவன் சாவுக்குக் காரணமானவள் என்று எல்லாமாகவும் நானே ஆகிவிடுவேன். சிஸ்டர் நான் காட்டின இடத்துக்குப் போய்த் துழாவினார். நான்கு நாள் வந்தார். நான்காம் நாள் உடைந்த பாட்டில் ஒன்று அவர் பாதத்தைக் கிழித்துவிட்டது. சர்க்கரையும் உண்டு அவருக்கு. அந்தப் புண் ஆறவே இல்லை.

அதற்குப் பிறகு சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. வாரத்தில் மூன்று நாள் அவரைத் திருவாரூருக்கு ரத்தம் சுத்தம் பண்ண வேனில் கொண்டு போவார்கள். துணைக்கு நான் போகிறேன் என்றேன். ஊர் ஆச்சரியப்பட்டது. ஒரு வருடத்துக்கு மேல் போனேன். வேனில் அவர் தூங்குவார். நான் அவர் கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே வருவேன்.

போன மாசி மாதம், இனிமேல் வேன் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். அன்று மாலை சங்கை எடுத்துக்கொண்டு மடத்துக்குப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் சேலையைப் பிரித்தேன். நெல் உமி இரண்டு அதில் ஒட்டியிருந்தது.

வெகுநேரம் பார்த்தார். “தண்ணியில கெடந்த மாதிரி தெரியலையே” என்றார்.

“இல்ல சிஸ்டர்.”

“எப்பலேருந்து?”

“மொத நாள்லேருந்து.”

கண்ணை மூடிக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “நானும்தான்” என்றார். “நிறுத்துன்னு அவட்ட சொல்லியிருக்கணும். இல்லன்னா தையல் கொட்டாயிக்கு அன்னைக்கே கூட்டிட்டு வந்திருக்கணும். மெதுவா ஊதுன்னு சொல்லி ரெண்டு பேரையும் ஏமாத்திட்டேன்.”

“இத வச்சுக்குங்க சிஸ்டர். அனுப்பிச்சுடுங்க.”

“நான் தொடமாட்டேன்.”

“சிஸ்டர்...”

“எங்கையில குடுத்துட்டு நிம்மதியாப் போவலாம்னு பாக்குறீங்க. எனக்கு ஒடம்புல ஊறியிருக்கிற தண்ணியவே தூக்க முடியல, ஒங்க பாரத்தையும் தூக்கணுமா? நீங்கதான் புடுங்குனீங்க. நீங்கதான் குடுக்கணும்.”

“அவ எங்க, நான் எங்க? நான் எப்புடிக் குடுப்பேன்?”

“வருவா. நெலம் உப்பாப் போனவளுக்கு வேற வழி கெடையாது.” பிறகு, அந்த நிலையிலும், “கருவாடு ஏதும் வறுத்தீங்களா?” என்று கேட்டார். மறுநாள் ஒரு துண்டு வறுத்து எடுத்துப் போனேன். நாக்கில் வைத்துவிட்டு எடுத்துவிட்டார். பதினோரு நாளில் இறந்துபோனார். கோயில் கல்லறைக்குத் தூக்குவதற்கு முன், அவருக்கு அங்கி உடுத்திவிட்டபோது அதன் உள்பக்கத்தைப் பார்த்தேன். சிவப்பு நூலில் அவர் பேரையும் தைத்து வைத்திருந்தார்.

இந்தப் புரட்டாசியில் கூட்டம் வந்தது. பசந்தியும் வந்தாள், தம்பியோடும் தம்பி மனைவியோடும். வெறுங்கை. நடராசன் மறுபடி கோடவுனைத் திறந்துவிட்டார். என்னைக் கேட்டுவிட்டுத்தான் திறந்தார்.

ஒரு பகல் முழுக்கப் பொறுத்தேன். பிறகு சங்கை எடுத்துக்கொண்டு போனேன். இடையில் பேச சிஸ்டர் இல்லை. பசந்தி அரிசி களைந்துகொண்டிருந்தாள். சேலையைப் பிரித்து இரண்டு கையாலும் நீட்டினேன். சங்கைப் பார்த்தாள்; என்னைப் பார்த்தாள். அவள் உதட்டில் கோடு மாதிரி ஒரு தழும்பு. வாங்கிக்கொண்டாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. அரிசி களைந்த தண்ணீரை ஊற்றிவிட்டு நல்ல தண்ணீரில் சங்கைக் கழுவினாள். “சிஸ்டர்?” என்று மட்டும் கேட்டாள். நான் கல்லறைப் பக்கம் கையைக் காட்டினேன். அந்தக் கை ஒருமுறை பொய்யான இடத்தைக் காட்டின கை. அவள் அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். நான் வந்துவிட்டேன்.

விளக்கு வைக்கிற நேரம். அவள் ஊதமாட்டாள், தாலி அறுத்தவள் ஊதக்கூடாதாம். தம்பி மனைவியிடம் கொடுத்திருக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் சங்கு எழுந்தது. மூன்று தடவை. நீளமாக.

கட்டிலில் வீரையன் நிமிர்ந்தார். “யாரு புள்ள?”

“யாருமில்ல. வெளக்கு வச்சிருக்காங்க” என்றேன்.

அவர் மறுபடி படுத்துக்கொண்டார். நான் உள்ளே போகவில்லை. அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தினமும் அந்த நேரத்தில் அப்படித்தான் நிற்கிறேன். நிறுத்து என்று மட்டும் போய்ச் சொல்லமாட்டேன்.